பிடியரிசிக் கலயம்



சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பங்கொன்றில் புதிதாகக் கட்டிய ஓர் இல்லத்தை மந்திரிக்கச் சென்றிருந்தேன். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துச் செபித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தபோது, மேடையின் ஓரத்தில் மூடியிட்ட சிறிய மண்கலயம் ஒன்று கண்ணில் பட்டது. "பிடியரிசிக் கலயமா, அம்மா?" என்று ஆவலோடு கேட்டேன். அந்தச் சகோதரிக்கு அச்சொல்லே புதிது. "இல்லை, சாமி. கண்காட்சியில் அழகுக்காக வாங்கி வைத்தோம்" என்றார்.

செபம் முடிந்து விருந்துக்கு அமர்ந்தபோது இன்னொன்றையும் கவனித்தேன். ஊரெல்லாம் வந்திருந்தது, அடுத்த மனையில் குடியிருந்த, வீட்டுக்காரரின் கூடப் பிறந்த தமையன் மட்டும் வரவில்லை. ஏனென்று நான் கேட்கவில்லை. இரு வீட்டுக்கும் நடுவே புதிதாய் எழும்பியிருந்த மதிற்சுவரே விடை சொல்லிற்று. அந்தச் சகோதரர் இருவரும் ஞாயிறுதோறும் ஒரே திருப்பலிக்கு வருவார்கள். ஒரே வரிசையில் நின்று நற்கருணை பெறுவார்கள். அதைக் கொடுத்தவன் நான்.

அது எந்தப் பங்கு, எந்த வீடு என்று ஆராய வேண்டாம். அத்தகைய சுவர் இல்லாத பங்கு எங்கே இருக்கிறது? அந்த வெறுங்கலயமும் அச்சுவரும் சேர்ந்து, மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட என் ஆச்சியை நினைவூட்டின. இத்திங்கள் அவரைப்பற்றியே எழுத விரும்புகிறேன்.

எங்கள் நெல்லைச் சீமையில் பாட்டியை ஆச்சி என்போம். இவர் என் தந்தையைப் பெற்றவர். உடன்குடிக்கு அருகே, செம்மணல் தேரிக்காட்டின் ஓரத்தில் அமைந்த சிற்றூர் அவருடையது. ஒரு கோயில், ஒரு கடைத்தெரு, வாரம் ஒருநாள் சந்தை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் பனை. அவர் பிறந்தது 1915-ஆம் ஆண்டு என்று ஞானஸ்நானப் பதிவேடு கூறுகிறது. அவரைக் கேட்டால், "கோயிலுக்குப் பெரிய மணி வந்த வருசம்" என்பார். எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரத்தில் கைநாட்டு வைக்கும் முன் நெற்றியில் சிலுவை வரைந்துகொள்வார்.

பதினாறு வயதில் பனையேறி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டார். பனையேறுவது ஆணின் வேலை. இறக்கிய பதநீரைக் காசாக்குவது பெண்ணின் வேலை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சேரும் பதநீரும் வெயிலேற விட்டால் கெட்டுப்போகும். ஆகவே தோப்பிலேயே ஓலை வேய்ந்த விடிலியில் அடுப்பு மூட்டி, காய்ந்த ஓலையையும் மட்டையையும் பன்னாடையையும் எரித்து, மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவார்கள். ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்த்து, சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டால் அது கருப்பட்டியாகும். பதம் முந்தினால் உறையாது; பிந்தினால் கருகும். பருவம் முடிந்த மாதங்களிலோ பெட்டி, கடகம், சுளகு, பாய் என்று ஓலை முடையும் வேலை. நான் அறிந்த நாளில் ஆச்சிக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஆயினும் பேசும்போதும் செபிக்கும்போதும் அவருடைய விரல்கள் ஓலையை முடைந்துகொண்டேயிருக்கும். முனைகள் வெடித்துத் தடித்த அந்த விரல்களால் அவர் எங்கள் நெற்றியில் சிலுவை வரையும்போது சற்றே கீறும்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 14-ஆம் நாள் திருச்சிலுவைத் திருநாளுக்கு மணப்பாட்டுக்கு நடந்தே செல்வார். பேரப்பிள்ளைகளாகிய நாங்களும் கட்டுச்சோற்று மூட்டையோடு பின்னால் ஓடுவோம். 1542-இல் சவேரியார் வந்து சேர்ந்த கடற்கரை அது என்பதைப் பாடநூலில் படிக்கும் முன்னரே, அந்த மணற்குன்றின் மேல் கடற்காற்றில் நின்றுகொண்டு அவர் சொல்லக் கேட்டோம்.

எனினும் என் நினைவில் ஆழப் பதிந்தது அவருடைய காலை வழக்கமே. உலையில் இடுவதற்கு அரிசியைச் சுளகில் எடுத்ததும், களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்பங்கரை மூலையிலிருந்த மண்கலயத்தில் போட்டுக் கைகூப்புவார். அரிசி இல்லாத நாளில் கம்பு, கம்பும் இல்லாத நாளில் கேழ்வரகு. கலயம் ஒருநாளும் பட்டினி கிடந்ததில்லை. சனிக்கிழமை மாலை கோயிலிலிருந்து ஆள் வந்து எல்லா வீட்டுப் பிடியரிசியையும் திரட்டிச் செல்வார். அது யார் வீட்டுக்குப் போகிறது என்று கொடுத்தவர் கேட்பதில்லை. யார் வீட்டிலிருந்து வந்தது என்று பெற்றவர் அறிவதுமில்லை.

இப்படிப்பட்ட ஆச்சியை நான் ஒரு புனிதையாகவே எண்ணியிருந்தேன். அவருக்கு ஒரு பகை இருந்தது என்பதும், அதற்காக அவர் என்ன விலை கொடுத்தார் என்பதும் 1989-ஆம் ஆண்டு வரையில் எனக்குத் தெரியாது.

அவ்வாண்டுக் கோடை விடுமுறைக்குக் குருமடத்திலிருந்து ஊர் திரும்பியிருந்தேன். பத்தொன்பது வயது. படித்தது கொஞ்சம், அதைப்பற்றிய பெருமை அதிகம். ஞாயிறு திருப்பலியில் ஆச்சி செபமாலை உருட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு எனக்குப் பொறுக்கவில்லை. இலத்தீனில் பூசை நடந்த காலத்தில் பொருள் விளங்காமல் மக்கள் செபமாலை சொன்னார்கள். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுச் சட்டத்தை வெளியிட்டு, மக்கள் உணர்ந்து பங்கேற்கவேண்டும் என்று கூறிய பிறகுமா? வீட்டுக்கு வந்ததும் உறவினர் நடுவிலேயே அவருக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றிவிட்டேன்.

ஆச்சி கோபிக்கவில்லை. ஓலையை முடைந்தபடியே கேட்டார்: "சரி ராசா, நீ படிச்சவன், சொன்னா கேட்டுக்கிடுதேன். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. பேச்சுவார்த்தை இல்லாத பகையாளியும் நாமளும் ஒரே கோயில்ல இருக்கையில, நன்மை வாங்கலாமா, கூடாதா? அதுக்கு ஒங்க பொஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை நான் தடுமாறி எடுத்துரைத்தேன். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு உறவாடவேண்டும் என்று ஆண்டவர் கூறும் பகுதி அது. "அதான் ராசா, அந்த மொதல்ல போறதுக்குத்தான் எனக்கு ஒம்பது வருசம் ஆச்சு" என்று கூறிவிட்டு ஆச்சி எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிரவு முற்றத்து நார்க்கட்டிலில் அமர்ந்து என் தந்தை முழுவதையும் சொன்னார்.

1947-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், சாரல் நனைத்த பனையிலிருந்து தாத்தா தவறி விழுந்தார். மூன்றாம் நாள் அவஸ்தைப்பூசுதல் பெற்று இறந்தார். ஆச்சிக்கு வயது முப்பத்திரண்டு. ஒன்பது வயதில் ஒரு பெண், ஐந்து வயதில் என் தந்தை, கைக்குழந்தை ஒன்று. தாத்தாவின் பங்குக்குப் பதினான்கு பனைகள் இருந்தன. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டவை, பட்டாவோ தாத்தாவின் தமையன் பெயரில் இருந்தது. அம்மரங்களை வேறொருவருக்கு வாரத்துக்கு விட்டால் பிள்ளைகளுக்குக் கஞ்சி கிடைக்கும் என்று ஆச்சி நம்பியிருந்தார். நாற்பதாம் நாள் செபம் முடிந்த மறுநாள், "பனையேற ஆளில்லாத வீட்டுக்குப் பனை எதுக்கு?" என்று கூறிப் பெரியவர் அவற்றைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார்.

கணவர் சொத்தில் கிறிஸ்தவக் கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியது பிள்ளைகளுக்கும் உரியது என்று 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கூறுகிறது. அச்சட்டத்தை ஆச்சிக்கு எடுத்துச் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. சொல்லியிருந்தாலும் நீதிமன்றத்துக்குச் செல்ல வழிச்செலவு இல்லை. தமக்குச் சொந்தமாயிருந்த பனைகளின் பதநீரையே, வேறொருவர் விடிலியில் கூலிக்குக் காய்ச்சும் நிலை வந்தது. அன்று தொட்டு இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

ஆச்சி பூசைக்குச் செல்வதை நிறுத்தவில்லை. நன்மை வாங்குவதை நிறுத்தினார். இதை என் தந்தை எப்படி அறிந்தார் தெரியுமா? அக்காலத்தில் நற்கருணை பெறுகிறவர் நள்ளிரவு முதல் ஒன்றும் உண்ணலாகாது. தண்ணீர்கூடப் பருகலாகாது என்ற விதி 1953-இல்தான் தளர்த்தப்பட்டது; உண்ணாநோன்பு மூன்று மணி நேரமாகக் குறைந்தது 1957-இல். ஞாயிறு விடியலில் ஊர்ப் பெண்களெல்லாம் வெறும் வயிற்றோடு கோயிலுக்குச் செல்ல, ஆச்சி மட்டும் ஒரு செம்பு நீராகாரத்தைக் குடித்துவிட்டுப் புறப்படுவார். அதற்குப் பொருள், இன்று நான் பந்திக்குப் போகப் போவதில்லை என்பதே. சிறுவனாயிருந்த என் தந்தைக்கு அது வெட்கமாயிருக்கும். மற்றப் பிள்ளைகள், "உங்க அம்மைக்கு என்னல பாவம்?" என்று கேட்பார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாஸ்காக் காலத்தில் நற்கருணை பெறவேண்டும் என்பது 1215-இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் விதித்த கடமை. அக்காலப் பங்குக்குருக்கள் அதைக் கணக்கெடுப்பார்கள். ஒவ்வொரு தவக்காலத்திலும் சாமியார் அழைத்துக் கேட்க, ஒவ்வோர் ஆண்டும் ஆச்சி ஒரே பதிலைத்தான் சொன்னாராம்: "மன்னிச்சேன்னு வாய் சொல்லும், சாமி. மனசு இல்லங்குது. பொய்யை வச்சிக்கிட்டு ஆண்டவர்கிட்ட எப்படிப் போக?"

ஆயினும் பிடியரிசி மட்டும் நிற்கவில்லை.

1956-ஆம் ஆண்டு தொடக்கத்தில், பெரியவருக்கு வாதம் கண்டு ஒரு பக்கம் செயலற்றுப்போயிற்று. மக்கள் இன்னும் தலையெடுக்கவில்லை. பருவம் தொடங்காத காலம். வியாபாரியிடம் வாங்கிய முன்பணமும் தீர்ந்துபோயிருந்தது. ஊரில் வின்சென்ட் தே பவுல் சபை இயங்கி வந்தது. 1833-இல் பாரிஸ் மாநகரில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர் தம் தோழர்களோடு தொடங்கிய சபை அது. வறியவரைத் தம்மிடம் வரவழைக்காமல், வறியவர் இல்லத்துக்குத் தாமே செல்வது அதன் வழக்கம். ஒருநாள் அந்தி மயங்கிய வேளையில், சபை உறுப்பினர் ஒருவர் பதினான்கு வயதான என் தந்தையை அழைத்து, அரிசிப் பையொன்றைத் தூக்கிவரச் சொன்னார். பை போய் இறங்கிய இடம் பெரியவர் வீடு.

வீடு திரும்பிய என் தந்தை அதை வாய்தவறி உளறிவிட்டார். "அங்கேயா?" என்று மட்டும் ஆச்சி கேட்டாராம். மறுநாள் காலை அரிசியைச் சுளகில் எடுத்தார், பிடி அள்ளவில்லை. அப்படியே களைந்து உலையில் இட்டார். இரண்டாம் நாளும் அவ்வாறே. மூன்றாம் நாளும் அவ்வாறே. தம் பிள்ளைகளின் வாயிலிருந்து எடுத்த அரிசி, தம் பிள்ளைகளின் சொத்தை எடுத்தவர் வீட்டில் வேகிறது! அந்தத் தாயின் கை ஏன் நின்றது என்பது நமக்கு விளங்காமலில்லை. நான்காம் நாள் நெடுநேரம் கலயத்தின் முன் உட்கார்ந்திருந்துவிட்டு, நான்கு பிடி எடுத்து அதில் போட்டார். மூன்று, நின்றுபோன நாட்களுக்கு, ஒன்று, அன்றைக்கு.

ஏன் போட்டார் என்பதைப் பின்னொரு நாள் நானே அவரிடம் கேட்டேன். "கலயத்தை உத்துப் பாத்தேன், ராசா. அதுல யார் பேரும் எழுதியிருக்கல" என்றார். சற்றுப் பொறுத்து, "ஒம்பது வருசமா ஆண்டவருக்குப் போடுதேன்னு போட்டேன். நான் போகமாட்டேன்னு சொன்ன வீட்டுக்கு அவரு தூக்கிட்டுப் போயிட்டாரு. பொறவு நான் மட்டும் வெளிய நின்னு என்ன செய்ய?" என்றார்.

அவ்வாண்டு பெரிய வியாழனன்று, புதுப் பருவத்தில் கூலியாகக் கிடைத்த கருப்பட்டி ஒரு பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆச்சி பெரியவர் வீட்டுப் படி ஏறினார். நீண்ட பேச்சு ஒன்றும் இல்லை. "அக்கா, காப்பிக்கு வச்சுக்கோ" என்று பெட்டியைப் பெரியவர் மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மையார் அதில் ஒரு வட்டை அங்கேயே உடைத்துக் காப்பி போட்டு, ஆச்சிக்கும் ஒரு செம்பில் கொடுத்தார். ஆச்சி குடித்தார். கட்டிலில் கிடந்த பெரியவர் வாய் குழறி ஏதோ சொன்னார். அது என்னவென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. பனைகளைப்பற்றி ஆச்சி கேட்கவில்லை, அவர்களும் பேசவில்லை.

மூன்றாம் நாள் பாஸ்காத் திருநாள். விடியற்காலையில் என் தந்தை வழக்கம்போல் நீராகாரச் செம்பை எடுத்து ஆச்சியிடம் நீட்டினார். "இன்னைக்கு வேண்டாம்ல" என்று சொல்லிவிட்டு ஆச்சி முந்தானையைத் தலையில் இட்டுக்கொண்டு புறப்பட்டார். இவ்விடத்தைச் சொல்லும்போது, நாற்பத்தேழு வயதான என் தந்தை அந்த முற்றத்து இருட்டில் அழுதார்.

பதினான்கு பனைகளும் கடைசிவரை திரும்பி வரவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. மன்னித்தவருக்கு இழந்ததெல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று கதைகளில் முடிப்பார்கள்; ஆச்சியின் வாழ்வில் அவ்வாறு நடக்கவில்லை. அவர் கடைசிவரை ஓலை முடைந்தே பிழைத்தார். பெரியவர் மக்கள் பிற்காலத்தில் அம்மரங்களைச் செங்கற்சூளைக்கு விறகாக விற்றுவிட்டார்கள். 1978-இல் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட பனை, எங்கள் பகுதியில் எத்தனை ஆயிரம் அப்படிச் சூளைக்குப் போயிற்று! ஒன்பது ஆண்டுப் பகைக்குக் காரணமாயிருந்த மரங்கள் சில நாட்களில் சாம்பலாயின. பகை மட்டும் நீடித்திருந்தால், அது என் தந்தைக்கும், பின் எனக்கும் சொத்தாக வந்திருக்கும்.

ஆச்சி செய்தது சரியா என்று இறையியல் பயின்றவர்கள் கேட்கலாம். நற்கருணை நிறைவடைந்தவர்களுக்கு அளிக்கப்படும் பரிசன்று; நோயுற்ற ஆன்மாவுக்கு மருந்து. ஆகவேதான் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் காலத்தில், 1905-ஆம் ஆண்டு ஆணை, விசுவாசிகள் அதை அடிக்கடி பெறவேண்டும் என்று ஊக்கியது. அநீதி இழைத்தவர் பெரியவர், இழைக்கப்பட்டவர் ஆச்சி. முதலில் படியேறி வரவேண்டியவரும் பெரியவரே. ஆகவே ஆச்சியைப்போல் ஆண்டுக்கணக்கில் பந்தியை விட்டு விலகியிருங்கள் என்று நான் ஒருவருக்கும் அறிவுரை கூறமாட்டேன். ஆனால் ஒன்று சொல்வேன். அவர் அந்தப் பந்தியின் மதிப்பை அறிந்திருந்தார். பகையை மடியில் கட்டிக்கொண்டு அதை அணுகுவது எவ்வளவு பெரிய முரண்பாடு என்பது, எழுத்தறியாத அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கு அம்முரண்பாடு உறுத்துவதே இல்லை. உண்ணாநோன்பு ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது நன்றே. மனச்சான்றின் நோன்பும் சுருங்கிப்போயிற்றே!

ஆச்சி 1992-ஆம் ஆண்டு, நான் குருப்பட்டம் பெறுவதற்கு முன்னரே காலமானார். கடைசி நாட்களில் நினைவு தப்பித் தப்பி வந்தது. நினைவு வரும்போதெல்லாம் மருமகளாகிய என் தாயிடம் கேட்டது ஒன்றுதான்: "பிடியரிசி எடுத்தாச்சா?" அடக்கத்தின்போது பெட்டியின் முன்பக்கத்தைத் தோள்கொடுத்துத் தூக்கியவர்கள் பெரியவரின் மக்கள் இருவர்.

காலம் மாறிவிட்டது. தமிழகத்தில் 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசியின் கொடுமை பெரிதும் தணிந்துள்ளது. பிடியரிசி திரட்டும் வழக்கமும் பல பங்குகளில் மறைந்துவிட்டது. ஆனால் அந்தக் கலயம் செய்துவந்த இன்னொரு பணிக்கு இன்றும் மாற்று இல்லை. நாம் போக மறுக்கும் வீட்டுக்கு, நமக்குத் தெரியாமலே நம் கைப்பொருளை அது எடுத்துச் சென்றது. கை முதலில் போயிற்று. கால் பின்னால் போயிற்று. மனம் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. மனம் முதலில் மாறட்டும் என்று காத்திருந்தால், ஆச்சி 1992 வரையிலும் நீராகாரம் குடித்துக்கொண்டே இருந்திருப்பார்.

தொடக்கத்தில் நான் கூறிய இரு சகோதரரிடமும் ஆச்சியின் கதையைத் தனித்தனியே சொன்னேன். இளையவர் மௌனமாகக் கேட்டார். மூத்தவர், "அவன் வரட்டும், சாமி" என்றார். நான் மாற்றலாகி வரும்வரையில் சுவர் அப்படியே நின்றது. ஆயினும் அவர்களுக்காகச் செபிப்பதை நான் விடவில்லை.

அன்பு வாசகர்களே, உங்கள் குடும்பத்திலும் பேசாத உறவு ஒன்று இருக்கலாம். நியாயம் உங்கள் பக்கமே இருக்கலாம். ஆச்சியின் பக்கமும் நியாயமே இருந்தது. பெரும் சமாதானப் பேச்சு எதுவும் இப்பொழுது வேண்டாம். இவ்வாரம் உங்கள் வீட்டில் பலகாரம் செய்தால், ஒரு தட்டை மூடி, உங்கள் பிள்ளையின் கையில் கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். அங்கிருந்து அது திரும்பி வந்தாலும் வருந்த வேண்டாம். அடுத்த வாரமும் அனுப்புங்கள்.

உங்கள் அனைவருக்கும் என் ஆசீர்.